ஏற்காட்டுக் காற்றில் ஒரு நிழல்பந்தல் நிற்க வைக்க நான் பட்ட பாடு

மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் தோட்டத்தில் உட்கார ஒரு நிழல் வேண்டும் என்று நினைத்தால், யாருக்காவது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரே வருஷத்தில் 70,000 ரூபாய்க்கு மேல் போனது. பணத்தைக்கூட மறந்துவிடலாம், ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், நர்சரி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் வாங்கப் போகிறவருக்கு யாரும் தானாக வந்து சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஏற்காட்டில் மேற்குப் பார்த்த சரிவில் இருக்கிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை, பையன் சென்னையில். வீட்டில் நானும் அத்தையும்தான். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்கு உள்ளேயே அடைந்து கிடப்பது ஆகவில்லை. காலையில் பேப்பர், மதியத்தில் முறத்தில் கொஞ்சம் மிளகு, சாயங்காலம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் என்று தோட்டத்தில்தான் அவர் பொழுது. அதுவரை நிழலுக்குக் குறைவில்லை. பக்கத்துக் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக எங்கள் வேலியோரம் நின்றன. விலை படிந்தது, அந்த வரிசையை வெட்டிவிட்டார்கள். அவர்கள் மரம், நாம் கேட்க முடியாது. வெயில் உள்ளே வந்தது அன்றைக்கே தெரிந்தது. அந்த மரங்கள் இத்தனை வருஷமும் காற்றையும் வாங்கிக்கொண்டு நின்றன என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் மரம் வெட்டினால் இந்த இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏற்காட்டில் என்ன பெரிய வெயில் என்று சேலத்துச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். காற்று சில்லென்று இருப்பதால் தோல் காய்வது உறைக்காது, ராத்திரி படுக்கும்போதுதான் கை எரியும். வயதானவர்களுக்கு நிழல் அவசியம். மனிதருக்கு மட்டுமில்லை, பந்தல் துணிக்கும் இதே வெயில்தான் எமன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆன்லைனில் 10 அடிக்கு 10 அடி கெஸீபோ, அதாவது நாலு கால் வைத்த துணிப்பந்தல் ஒன்று வாங்கினேன். 13,500 ரூபாய். படத்தில் கடற்கரையில் நின்றது, நம்பினேன். வந்து பிரித்தால் கால் பைப்பைக் கையால் அமுக்கினாலே சப்பையாகும் போல இருந்தது. தரையில் அடிக்க விரல் நீளத்துக்கு நாலு ஆணி கொடுத்திருந்தார்கள். மார்ச் முழுக்க அழகாகத்தான் நின்றது. ஏப்ரலில் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று வரும் பாருங்கள், வானம் கறுத்து, துளி விழுவதற்கு முன்னால் அடிக்கிற காற்று, அது வந்தது. அப்படியே மேலே தூக்கி, ஒரு காலை மடக்கி, தண்ணீர் டேங்க் மேல் கொண்டுபோய் அறைந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அத்தையை உள்ளே கூட்டிவந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவே நேரமானது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கட்டடம் கட்டுகிறவர்கள் பின்பற்றும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது: வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கிலோவில் சொன்னால், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ, 60-க்கு 17 கிலோ, 90-க்கு 38 கிலோ. பத்துக்குப் பத்து கூரை 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் 60 கிலோமீட்டர் காற்றில் அந்தத் துணியை 150 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. விரல் நீள ஆணி எந்த மூலைக்கு? இதைப் பள்ளியில் படித்த பையனே போட்டுவிடுவான். விற்கிறவர் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்.

சரி, துணி வேண்டாம், இரும்பில் நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று சேலத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஆளை வரவழைத்தேன். 12 அடிக்கு 12 அடி, கலர் ஷீட் கூரை, நாலு சதுரக் குழாய்த் தூண், மொத்தம் 58,000 ரூபாய். தோட்டத்து விளிம்பில், சேலம் தெரிகிற இடத்தில் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவரே இடமும் சொன்னார். தூண்களைப் பள்ளம் எடுத்து நடவில்லை. ஏற்கெனவே இருந்த சிமெண்ட் தளத்தில் பேஸ் பிளேட் என்கிற அடித்தகட்டை வைத்து, தளத்தில் துளை போட்டு இறுக்குகிற ராவல் போல்ட் அடித்தார். "இது தாங்குமாங்க?" என்று கேட்டேன். "மேடம், மேல நாலு பேர் ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நாலு பேர் ஏறி நின்றால் தாங்கியிருக்கும். ஆனால் மலையில் பந்தலுக்கு ஆபத்து மேலிருந்து அழுத்தும் பாரத்தால் வருவதில்லை, கீழேயிருந்து தூக்கும் காற்றால் வருகிறது. சரிவு ஏறி வருகிற காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேலே தள்ளும். கூரைக்கு மேலே ஓடுகிற காற்று அதை உறிஞ்சித் தூக்கும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யும். சரிவின் விளிம்பில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும் என்பதால், அழகுக்குச் சொன்ன அந்த இடம்தான் தோட்டத்திலேயே மோசமான இடம்.

ஆனி பிறந்ததும் சத்தம் ஆரம்பித்தது. ஷீட் ஒன்றோடொன்று உரசி ராத்திரியெல்லாம் டமடமவென்று அடித்தது. அத்தை தூங்கவில்லை. ஆள் அனுப்பச் சொல்லிப் போன் போட்டால் நாளைக்கு, நாளைக்கு மறுநாள் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆடியில் ஒரு ராத்திரி, ஸ்க்ரூ ஒவ்வொன்றாகத் தெறித்து ஓட்டின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறக்கவும் பயம். மூன்று மணி வாக்கில் ஒரு பெரிய முறிச்சல். விடிந்து பார்த்தால் கூரையும் தூணுமாக மொத்தமும் குப்புறக் கவிழ்ந்து, அடுத்த தோட்டத்து வேலியையும் இரண்டு மிளகுக் கொடிகளையும் நசுக்கிக் கிடந்தது. ஒரு தூணின் அடியைப் புரட்டிப் பார்த்தேன். போல்ட் உடையவில்லை, வளையவும் இல்லை. போல்ட்டைச் சுற்றித் தளத்தின் சிமெண்ட் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து, பிளேட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்திருந்தது. மூன்று அங்குலத் தளம், அதன் அடியில் வெறும் மண். இரும்பு எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன், அதைப் பிடித்துக்கொள்ளக் கீழே ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கூரையை 90 கிலோமீட்டர் காற்று 500 கிலோவுக்கு மேல் தூக்கும். அந்தப் பந்தலின் மொத்த எடை 200 கிலோகூட இருக்காது.

வேலிக்கும் கொடிக்கும் 6,000 ரூபாய் கொடுத்தேன். பழைய இரும்புக்காரர் 7,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். போட்டவரிடம் கேட்டதற்கு, "இயற்கைக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார். ஆடிக்கு ஆடி வருகிற காற்று அவருக்கு மட்டும் எப்படித் திடீர் இயற்கைச் சீற்றம் ஆனதோ தெரியவில்லை, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கம்பக்கத்தில் வந்து பார்த்தவர்கள், பொம்பளை தனியாக இருந்தால் இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் போனில், விடு, நான் லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். எல்லாவற்றையும்விட அத்தை சொன்னதுதான் தாங்கவில்லை. "எனக்கெதுக்குக் கண்ணு இத்தனை செலவு, நான் திண்ணையிலயே உட்கார்ந்துக்கறேன்" என்றார். அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதேன். அதன் பிறகு, இதை நானே கற்றுக்கொண்டு முடிக்காமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

கற்றுக்கொடுத்தவர் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பார்க்கிற, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர். சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கொடிகளைத் தூக்கிக் கட்ட வந்தவரிடம் புலம்பினேன். அவர் பழைய சேலையைக் கிழித்துக் கம்புகளில் கட்டி, தோட்டத்தில் அங்கங்கே நடச் சொன்னார். "பத்து நாள் பாருங்கம்மா, காத்து எந்த வழியா வருதுன்னு அதுவே சொல்லும்" என்றார். பார்த்தேன். மேற்கிலிருந்து நேராக வரும் என்று நினைத்த காற்று, தெற்குப் பக்கத்து ஓடை வளைவு வழியாக ஏறி, வீட்டு மூலையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. விளிம்பில் நட்ட துணி நார் நாராகக் கிழிந்துபோனது. வீட்டுக்கு வடகிழக்கே, கொல்லைப் பக்கம் நட்டது லேசாக ஆடியதோடு சரி. செலவில்லாத வேலை இது. ஆனி, ஆடியில் ஒரு தடவையும், ஏப்ரல், மே இடிமழைக் காலத்தில் ஒரு தடவையும் செய்து பாருங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு காற்று. தென்மேற்குப் பருவக்காற்று நாள் கணக்கில் ஒரே பக்கமாக அடிக்கும். கோடை இடிமழைக் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும், கொஞ்ச நேரம்தான், ஆனால் முரட்டுத்தனமாக வரும்.

காற்றைத் தடுக்க ஒரு சுவர் எழுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். முழுச் சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறி, சுவருக்குப் பின்னால் சுழன்று விழும். அந்தச் சுழல்தான் பந்தலைப் பிய்க்கும். பாதிக்குப் பாதி காற்றை விடுகிற வேலிதான் நல்லது. செடி வேலி, மூங்கில் தட்டி, வலை எதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

கூரைக்கும் அதே நியாயம்தான். காற்றை மறிக்காதே, வழிவிடு. ஏற்காட்டு நர்சரிகளில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். எல்லாம் ஷேட் நெட் என்கிற நிழல் வலை. அதில் இரண்டு வகை. தட்டையான நாடா போன்ற நூலில் பின்னியது மலிவு, ஆனால் சீக்கிரம் பிசிறும். மோனோ என்று கேட்டால் உருண்டை நூலில் பின்னியது தருவார்கள், விலை அதிகம், காற்றுக்கு அதுதான் ஏற்றது. யு.வி. ஸ்டெபிலைஸ்டு, அதாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்தது என்று இல்லாத வலையை மலை வெயில் ஒன்றிரண்டு வருஷத்தில் அப்பளமாக நொறுக்கிவிடும். வலைக்குச் சொல்லும் 50, 75, 90 என்பதெல்லாம் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பதன் சதவீதம். 90 வாங்கினால் நல்ல நிழல் கிடைக்கும், காற்றும் அந்த அளவுக்கு மாட்டிக்கொள்ளும். மனிதர் உட்கார 75 போதும். மழைக்கு இது உதவாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழையும் வேண்டும் வெயிலும் வேண்டும் என்று ஒரே கூரையில் தேடினால் மறுபடி ஷீட்டில்தான் போய் நிற்போம்.

வலையைத் தட்டையாக விரித்துக் கட்டினால் படபடவென்று அடிக்கும். அடிக்க அடிக்கத்தான் கிழியும். ஆகவே எதிரெதிர் மூலை இரண்டை உயரமாகவும், மற்ற இரண்டைத் தாழ்வாகவும் கட்ட வேண்டும். விளிம்பை நேராக வெட்டாமல் உள்நோக்கி லேசாக வளைத்து வெட்டி, பெல்ட் நாடா வைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் தொய்வில்லாமல் நாலு பக்கமும் விறைப்பாக நிற்கும். தார்ப்பாய் தைக்கிற கடையில் இதைத் தைத்துத் தந்தார்கள். பித்தளைக் கண்ணி மட்டும் வைத்தால் துணி கிழிந்து கண்ணி தனியாக வந்துவிடும், மூலையில் பெல்ட்டை மடித்து இரும்பு வளையம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

விறைப்பாகக் கட்டினால் தூணைப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் தூணும் அஸ்திவாரமும்தான் உண்மையான செலவு. இரண்டரை இன்ச் பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் எடுத்தேன், 3.6 மில்லிமீட்டர் கனம். ஒவ்வொரு தூணுக்கும் மூன்றடி ஆழம், ஒன்றரைக்கு ஒன்றரை அடி குழி, முழுக்கக் கான்கிரீட். ஒரு கன அடி கான்கிரீட் கிட்டத்தட்ட 68 கிலோ. ஒரு குழிக்கு 450 கிலோவுக்கு மேல் வந்துவிடும். பைப்பின் அடியில் குறுக்கே கம்பி வெல்டு வைத்துவிட்டால் உருவிக்கொண்டு வராது. வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். தூணைச் செங்குத்தாக நடாமல் வலையிலிருந்து வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நடுங்கள். கான்கிரீட்டின் மேல்தலையைத் தண்ணீர் தேங்காதபடி சரிவாகப் பூசுங்கள். எங்களுக்கு ஒரு குழியில் இரண்டடியிலேயே பாக்சைட் பாறை தட்டியது. அங்கே பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி, கிரவுட் என்கிற இறுகிப் பிடிக்கும் கலவை ஊற்றி, அதன் மேல் கான்கிரீட் போட்டோம். பாறை வந்தால் ஆழம் போதும் என்று மேலாக நட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு, அதற்குப் பிறகும் இரண்டு வாரம் விட்டுத்தான் வலையைக் கட்டினோம்.

வலையைத் தூணோடு மாட்ட, மூலைகளில் டி ஷாக்கிள் என்கிற பூட்டு வளையமும், திருகித் திருகி விறைப்பாக்குகிற டர்ன் பக்கிளும். கொக்கி வாய் திறந்திருக்கிற டர்ன் பக்கிள் வாங்காதீர்கள், காற்று ஆட்டும்போது கழன்றுவிடும். இரண்டு முனையும் மூடியதாக இருக்க வேண்டும். முறுக்கிய பிறகு தானாகத் திரும்பாமல் இருக்கச் சின்னக் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே, நான் ஒருத்தியே ஸ்டூல் போட்டு ஏறி அரை மணிக்குள் வலையைக் கழற்றிவிடலாம் என்பதுதான். ஆடியில் காற்று வலுக்கும் வாரங்களில் கழற்றி மடித்து வைத்துவிடுகிறேன். வானம் மூடிக் கிடக்கும் அந்த நாட்களில் நிழல் தேவையும்படாது. எலி கடிக்காத டிரம்மில் போடுங்கள்.

நிழல் எங்கே விழும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஏற்காடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே சாயும். மார்கழியில் மத்தியானச் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 35 பாகை இறங்கிப் போகும், நிழல் வடக்கே நீளும். இதைப் பார்க்காமல் நாற்காலி அளவுக்குப் பந்தல் போட்டால் பாதி வருஷம் நாற்காலி வெயிலில் இருக்கும். நான்கு மணிக்கு மேல் மேற்கு வெயில்தான் தொல்லை, அதனால் தாழ்வான மூலை ஒன்று மேற்கில் வருகிற மாதிரி வைத்தோம்.

மொத்தம் 46,000 ரூபாய் ஆனது. அதில் வலையும் தையலும் சின்னத் தொகை. பைப், சிமெண்ட், மலைக்கு மேல் ஜல்லி கொண்டுவந்த வண்டி வாடகை, குழி வெட்டிய கூலி இவைதான் பெரும்பகுதி. யாராவது கொட்டேஷன் கொடுத்தால் மண்ணுக்குக் கீழே எவ்வளவு செலவு காட்டியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். "கீழேயிருந்து காத்து தூக்கினா எது பிடிக்கும்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். குழி அளவு, பைப் கனம், வலையின் வகை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தூணைக் கான்கிரீட்டில் நட்ட பிறகுதான் பாதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். வருகிறவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது ஒரு ஆடி தாண்டிவிட்டது. ஓடைப் பக்கம் பட்டர் ஃப்ரூட் கன்றுகளும், இடையிடையே செம்பருத்தியும் வேலியாக வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் சீக்கிரம் வளரும் என்றாலும் காற்றில் கிளை முறிந்து விழும் என்பதால் பந்தலுக்கு எட்டத்தில்தான் நட்டிருக்கிறேன். டர்ன் பக்கிள்களை மாதம் ஒருமுறை கால் சுற்று முறுக்கி, பைப் மண்ணோடு சேருகிற இடத்தில் துரு பார்க்கிறேன். நல்ல வலையே மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் வரும் என்பதால், தைத்த அளவைக் கடைக்காரரிடமே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வைத்துவிட்டேன்.

சேலத்தில் மொட்டை மாடிக்கு இதையே போடலாமா என்று சூரமங்கலத்துத் தங்கச்சி கேட்டாள். போடலாம், ஆனால் கைப்பிடிச் சுவரில் மட்டும் கொக்கி அடிக்காதீர்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பக்கவாட்டு இழுப்புக்குக் கட்டியதில்லை, சுவரோடு தெருவில் போய் விழும். தளத்தில் துளை போட்டால் மழைத் தண்ணீர் கீழே இறங்கும். வீட்டின் கான்கிரீட் தூண் மேலே வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதில்தான் பிடிமானம் கொடுக்க வேண்டும். அதற்கு வீடு கட்டிய இன்ஜினியரையோ, தெரிந்த வேறொரு இன்ஜினியரையோ கூப்பிட்டுக் காட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.